வழக்கில் இல்லாத வாதி

அரசாங்க வைத்தியர் ஒருவர் தமது இடமாற்றக் கட்டளையை எதிர்த்து நீதிமன்றம் சென்றால், அவரைச் சுயநலமி என ஏசுவோர் ஒருபுறம்; உரிமை வீரர் எனப் போற்றுவோர் மறுபுறம். இவ்விரு கூச்சலுக்குமிடையே நாம் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம்: அவ்வழக்கில் நோயாளி எங்கே?

முதலில் வைத்தியர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இடமாற்றம் ஆள்வோர் கையில் நெடுங்காலமாகச் சாட்டையாக இருந்து வந்திருக்கிறது. இந்நாட்டில் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அரசாங்க ஊழியரை நியமிக்கவும் மாற்றவும் நீக்கவுமான அதிகாரத்தை மந்திரிசபையிடம் ஒப்படைத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அவ்வழியே சென்றது. 2001இல் பதினேழாம் திருத்தம் வந்த பின்னரே அவ்வதிகாரம் பெரும்பாலும் அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் வந்தது. அயலிலுள்ள தமிழ்நாட்டிலோ, 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்த அரசு மருத்துவர் பலர் வேற்றூர்களுக்கு மாற்றப்பட்டனர். 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் அக்கட்டளைகளை இரத்துச் செய்தது. நிர்வாகத் தேவை என்னும் போர்வைக்குள் தண்டனை ஒளிந்திருக்கக் கூடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? இத்தகைய வேளையில் நீதிமன்றக் கதவை அடைப்பது அடக்குமுறைக்குக் கதவு திறப்பதாகும்.

அக்கதவும் நம் நாட்டில் ஒடுக்கமானதே. ஆணைக்குழுவின் தீர்மானங்களை நீதிமன்றங்கள் ஆராயலாகாது என அரசியலமைப்பின் 61அ உறுப்புரை தடுக்கிறது. எஞ்சியவை இரண்டு வழிகள்: 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை; உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டிய அடிப்படை உரிமை மனு.

ஆயின் எல்லா மனுக்களும் பழிவாங்கலுக்கு எதிரானவை என்று நாம் நம்பத் தயாரில்லை. கடமை நேரம் முடிந்ததும் தனியார் மருத்துவம் செய்ய அரசாங்க வைத்தியருக்கு அனுமதியுண்டு. அவ்வருமானம் நகரத்தில் கொழிக்கும். முல்லைத்தீவிலும் மொனராகலையிலும் கொழிக்காது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரையைக் காட்டி நகரத்து நாற்காலியைக் காப்பவரும் இருக்கக்கூடும் அன்றோ? அவரைப் படிக்கவைத்த இலவசக் கல்வியின் செலவில் வன்னி விவசாயியின் வியர்வையும் மலையகத் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருக்கின்றன. அவ்விவசாயிக்குக் காய்ச்சல் வந்தால், எந்த உறுப்புரையைக் காட்டி அவன் வைத்தியரைக் கோருவான்? அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை எழுதப்படவேயில்லை!

இங்கே அரசாங்கம் தப்பித்துக்கொள்ள நாம் விடமாட்டோம். ஒழுகும் விடுதி, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையின்மை, எப்போது திரும்புவோம் என்ற நிச்சயமின்மை இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? வைத்தியர் ஊருக்கு அஞ்சுவதில்லை. ஊரில் மறக்கப்பட்டுவிடுவோம் என்றே அஞ்சுகிறார்.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகரது இடமாற்றத்தை எதிர்த்துப் பொதுமக்கள் வீதிக்கு வந்தனர். அச்சர்ச்சையின் சரி பிழையை இங்கு நாம் ஆராயவில்லை. மக்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள் என்பதே நம் கேள்வி. இடமாற்றம் பேசப்படும் அறையில் அமைச்சு அமர்கிறது, சங்கம் அமர்கிறது. மக்களுக்கு அங்கே ஓர் ஆசனம் இல்லை. ஆசனம் இல்லாதவனுக்கு வீதிதானே கதி?

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வொரு வைத்தியசாலையின் வெற்றிடமும் மக்கள் காணப் பிரசுரிக்கப்படட்டும். ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் காரணம் எழுத்தில் தரப்படட்டும். கஷ்டப் பிரதேசத்தில் பணிபுரிவோருக்குத் திரும்பும் திகதி முன்னரே உறுதியாகட்டும். குடியிருக்கத் தகுந்த வீடும் கிடைக்கட்டும். பதிலுக்கு ஒருவர் வந்து பொறுப்பேற்காமல் எந்தக் கிராமத்து வைத்தியரும் விடுவிக்கப்படாதிருக்கட்டும். இடமாற்றச் சபையில் நோயாளர் சார்பிலும் ஒரு குரல் ஒலிக்கட்டும். இவை நடந்தால் வழக்குகள் தாமே அருகும். எஞ்சுபவை உண்மையான அநீதிக்கு எதிரானவையாக இருக்கும். அவ்வழக்காளியின் பக்கத்தில் நாமும் நிற்போம்.

அதுவரை, வழக்கில் வென்றவர் வைத்தியரா அமைச்சா என்று எம்மிடம் கேட்காதீர்கள். பூட்டிய கிராமத்து வைத்தியசாலையின் வாசலில் பிள்ளையைத் தோளிற் சுமந்து நிற்கும் தாயிடம் கேளுங்கள். தோற்றவர் யாரென்று அவள் சொல்வாள்.