ஓட்டைகளும் ஐந்து பேரும்

1/35 அளவில் செய்யப்பட்ட ஜெர்மானிய டைகர் டாங்கி ஒன்றை அண்மையில் நண்பரின் மேசையில் கண்டோம். முன்தகட்டில் மிளகு நுழையும் ஓட்டைகள். சூடேற்றிய ஊசியின் கைவண்ணம். அசல் தகட்டின் கனம் 100 மி.மீ. பிரிட்டிஷாரின் ஆறு பவுண்டர் குண்டு 57 மி.மீ.; இந்த அளவில் அது 1.6 மி.மீ. மட்டுமே.

அளவுப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தக் குண்டு, எங்கிருந்து வந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று தீர்மானிக்காமல் சேதத்தை ஒப்பனைபோலப் பூசுவதுதான் எமக்கு ஒப்பவில்லை. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட 131ஆம் எண் டைகர் இன்று இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீரங்கிக் குழாயின் அடியில் பட்டுத் தெறித்த குண்டு, கோபுரத்தைத் திரும்பவிடாமல் முடக்கியது. உள்ளிருந்தவர்கள் டாங்கியைக் கைவிட்டு வெளியேறினர். வெளியே தெரிவதோ சிறு வடுக்கள்தாம். எரிந்த டாங்கியின் கதை வேறு. வண்ணம் கருகும், சக்கர ரப்பர் சாம்பலாகும், சூட்டில் முறுக்குத்தண்டுகள் வலுவிழந்து உடலே தரையை நோக்கி அமிழும். (துரு பிறகுதான் வரும், பலருக்கு அதற்குள் அவசரம்.)

நண்பரின் டாங்கியில் ஓட்டைகள் ஏழு. மேல்மூடிகள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே இருந்த ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டோம். அதை அவர் யோசித்ததே இல்லையாம்.