முதல் கொழுந்துக்கு ஆறிய தண்ணீர்

மே மாதம் பிறந்து சில வாரங்களில், ஜப்பானியப் பொருள் விற்கும் கடைகளின் தேயிலை அடுக்கில் புதிய பொட்டலங்கள் வந்து உட்காரும். பெயர் 'ஷின்ச்சா'. ஜப்பானிய மொழியில் 'புதுத் தேநீர்' என்று பொருள். அந்த ஆண்டின் முதல் கொழுந்தில் செய்த பச்சைத் தேயிலை அது. பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பொட்டலத்தைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஜப்பானுக்குச் சுற்றுலா போய் வருபவர்களும் பரிசாக வாங்கி வருவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அதற்கு இரண்டில் ஒன்று நடக்கும். நல்ல விருந்தாளி வரட்டும் என்று கண்ணாடி அலமாரியில் ஏறிவிடும். இல்லையென்றால், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, ஒரு வாய் குடித்து, "என்னப்பா இது, இப்படிக் கசக்குது!" என்று தீர்ப்பு எழுதப்படும். இரண்டுமே அந்த இலைக்குச் செய்யும் அநியாயம்தான்.

கேமரன் மலையில் குளிர்காலம் கிடையாது. அதனால் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கலாம். ஜப்பானில் தேயிலைச் செடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும். தூங்கும் செடி சும்மா இருப்பதில்லை. சத்தைச் சேர்த்து வைக்கும். 'தியானின்' என்ற அமினோ அமிலம் வேரில் உருவாகி, வசந்தத்தில் முதல் தளிருக்கு ஏறும். தேயிலையில் இது இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1949இல் கண்டறிந்தார்கள். தேநீரில் நாம் உணரும் மெல்லிய இனிப்புக்கும், நல்ல சூப்பில் இருப்பது போன்ற ஒரு சுவைக்கும் காரணம் அதுதான். வெயில் ஏற ஏற, தியானின் குறைந்து, துவர்ப்பும் கசப்பும் தரும் 'கேட்டச்சின்' கூடும். இளவெயிலில் வளர்ந்த முதல் கொழுந்தில் தியானின் மிகுதி. கோடையில் எடுக்கும் அடுத்த கொழுந்தில் துவர்ப்பு மிகுதி. விலை வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் விளம்பரம் அல்ல.

பிப்ரவரி 4 வாக்கில் வசந்தம் பிறப்பதாக ஜப்பானியரின் பழைய நாள்காட்டி சொல்லும். அதிலிருந்து 88ஆவது நாள், அதாவது மே 2 வாக்கில், கொழுந்து எடுப்பதற்குப் பேர்போன நாள். அன்று பறித்த தேயிலையைக் குடித்தால் நோய் நொடி அண்டாது என்பது நம்பிக்கை. தெற்கே வெப்பம் கூடிய ககோஷிமாவில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவார்கள். புகழ்பெற்ற ஷிசுவோக்காவில் ஏப்ரல் கடைசியில் சூடுபிடிக்கும். நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஷிசுவோக்காவை, 2024இல் ககோஷிமா உற்பத்தியில் முந்திவிட்டது.

அந்த 88 நாள் கணக்கில் ஓர் அச்சமும் இருக்கிறது. அதுவரை எந்த இரவிலும் உறைபனி விழலாம். ஒரே ஓர் இரவு போதும், இளந்தளிர் கருகிவிடும். தேயிலைத் தோட்டப் படங்களில் உயரமான கம்பங்களின் உச்சியில் மின்விசிறிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கும் சற்றுச் சூடான காற்றைச் செடிகளின் மேல் தள்ளிவிடத்தான் அவை. பெரும்பாலான விவசாயிகளுக்கு ஆண்டு வருமானத்தின் முதுகெலும்பு இந்த முதல் அறுவடைதான். பறித்த அன்றே ஆவியில் அவித்து, உருட்டி, உலர்த்துகிறார்கள். இவ்வளவும் அந்த இளம்பச்சை வாசனையைக் காப்பாற்றுவதற்காக. நாம் அதன்மேல் கொதிநீரை ஊற்றினால், பாடுபட்டவருக்கும் நட்டம், காசு கொடுத்தவருக்கும் நட்டம்.

காரணம் எளிது. தியானின் மிதமான சூட்டிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். கேட்டச்சினுக்கும் கெஃபீனுக்கும் சூடு கூடுதலாக வேண்டும். கொதிநீர் கசப்பைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு வரும்.

நம் ஊர்த் தே தாரிக் முறைக்கு இது நேர் எதிர். கடைக்கார அண்ணன் பால் கலந்த கொதிக்கும் தேநீரை இரண்டு குவளைகளுக்கு இடையே இழுத்து ஆற்றுவார். ஜப்பானியர்கள், இலையைத் தொடுவதற்கு முன்பே தண்ணீரை ஆற்றிவிடுகிறார்கள். ஆற்றுவது இரண்டு இடத்திலும் உண்டு. எப்போது என்பதில்தான் வித்தியாசம்.

இருவருக்கான அளவு சொல்கிறேன். இலை 5 கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. தண்ணீர் 160 மில்லிலிட்டர். ஆமாம், கொஞ்சம்தான். நம் குவளை அளவை மறந்துவிடுங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். மூன்று முறை மாற்றினால் 70 டிகிரிக்கு வந்துவிடும். வெப்பமானி தேவையில்லை. பக்கவாட்டில் கைப்பிடி வைத்த 'கியூசு' என்ற சிறு கெண்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் எந்தச் சிறிய கெண்டியும் வடிகட்டியும் போதும்.

தண்ணீரை இலைமேல் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். கலக்க வேண்டாம், குலுக்க வேண்டாம். வானொலிக்காரர்களுக்கு ஒரு நிமிட மௌனம் என்றால் வயிறு கலங்கும். இங்கே அந்த ஒரு நிமிடம்தான் வேலையே. பிறகு இரண்டு கோப்பைகளிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அப்போதுதான் இரண்டிலும் ஒரே சுவை வரும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் இலை ஊறி, அடுத்த சுற்று கசந்துவிடும்.

அடுத்த சுற்று உண்டு. இலை விரிந்துவிட்டதால், 80 டிகிரித் தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி போதும். மூன்றாம் சுற்றில் இன்னும் சூடாக ஊற்றலாம். ஒரே இலை, மூன்று விதமான தேநீர். முடிந்தபின் இலையைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். ஜப்பானில் சோயா சாறு சில சொட்டு விட்டுச் சாப்பிடுவார்கள். கீரை போல மென்மையாக இருக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 10 கிராம் இலையைப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு மணி நேரம் வையுங்கள். கசப்பு மிகக் குறைவு. கெஃபீனும் சூடான தேநீரைவிடக் குறைவாகவே இறங்கும். இளங்கொழுந்தில் கெஃபீன் சற்று அதிகம் என்பதால், இரவில் தூக்கம் வராதவர்கள் இதைப் பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொட்டலத்தை மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பா வேண்டும். திறக்காத பொட்டலத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். உடனே திறந்தால் நம் ஊர் ஈரக்காற்று இலைமேல் நீராகப் படியும். திறந்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஜப்பானிலேயே இன்று பல இளையர் வீடுகளில் கெண்டி கிடையாது. தேநீர் என்றால் போத்தலில் வருவது. உலகம் முழுக்க மச்சா மோகம் என்பதால், பல தோட்டங்கள் மச்சாவுக்கான இலைக்கு மாறிவருகின்றன. கெண்டியில் ஊற்றிக் குடிக்கும் இலைக்கு இனி விலை குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், அலமாரியில் ஒரு பொட்டலம் இருந்தால் விருந்தாளிக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய ஷின்ச்சா என்பது பெயரிலேயே பொருந்தாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் இருப்பவர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு சின்னக் கோப்பை எடுங்கள். தண்ணீர் ஆறட்டும்.