கையெழுத்து எங்கே போடணும்?

நான் பி.காம். படித்தவன். அதனால் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் நல்ல பயிற்சி உண்டு. டூ வீலர் லோன் வாங்கியபோது நாற்பது பக்கம் நீட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. குறி கண்ட இடத்தில் எல்லாம் போட்டேன். வேகத்தில் குறி இல்லாத ஓர் இடத்திலும் போட்டுவிட்டேன். "சார், அது எங்க மேனேஜர் போடற இடம்" என்றான் அந்தப் பையன். நாற்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வண்டி என்னிடம்தான் இருக்கிறது. சாவி மச்சினனிடம்.

இந்த லட்சணத்தில் இருக்கிறவனைத்தான் போன வருஷம் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு 'படிச்ச ஆளு' என்ற தகுதியில் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் போகவே கூச்சப்படுவீர்கள். காலரைப் பார்த்தே, "என்ன தம்பி, ஆபீஸ்ல இன்க்ரிமென்ட் போடலையா?" என்று கேட்கிற ஆசாமி. ஐம்பது வயசுக்கு மேல். என்னால் இரண்டு கையாலும் தூக்கி வைக்க முடியாத கரிப் பெட்டியை ஒரு கையால் ஓட்டுவார்.

ஒரு நாள் துணி கொடுக்கப் போன என் மனைவி, துணியோடேயே திரும்பி வந்தாள். முகம் சரியில்லை. அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. நாலு மாசமாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லவில்லை. "வலிச்சாத்தானே நோவு? இது வலிக்கவே இல்லையேம்மா" என்றாராம். அங்கேதான் ஆபத்து. இந்தக் கட்டிகள் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. பல்வலிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டாக்டரை எழுப்புகிற நாம், வலிக்காத கட்டிக்கு நாலு மாசம் தவணை கொடுத்துவிடுகிறோம்.

என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். மாமோகிராம், ஸ்கேன், ஊசி போட்டு எடுக்கும் பயாப்சி எல்லாம் ஆயிற்று. புற்றுநோய்தான். ஆனால் கட்டி இரண்டு சென்டிமீட்டர்தான், ஆரம்ப நிலை. அடுத்து ஆபரேஷன்.

டாக்டர் பேசக் கூப்பிட்ட அன்றைக்கு ரூமுக்குள் போனது யார் தெரியுமா? அக்காவின் புருஷன், கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த மைத்துனர், அப்புறம் நான். நாலு ஆம்பிளைகள். அக்கா வெளியே பெஞ்சில், எங்கள் நாலு பேர் டிபன் டப்பாவுக்கும் காவல்.

டாக்டர் மீது குறை சொல்ல மாட்டேன். வாசலில் அறுபது பேர் நின்றார்கள். "ரெண்டு வழி இருக்கு. மார்பை முழுசா எடுத்துடலாம். இல்லேன்னா கட்டியையும் சுத்தி கொஞ்சத்தையும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுக்கலாம். பேசிச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் எடுத்துடுங்க சார், உசிருதான் முக்கியம்" என்றார் புருஷன். மகன் தலையாட்டினான். மைத்துனர், "இந்த வயசுக்கு மேல அது இருந்தா என்ன, போனா என்ன?" என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ரேடியேஷன், மூன்று வாரம் கூலி இல்லை, பஸ் செலவு, கூடப் போகிறவர் செலவு. வரவு பக்கம் காலி. ஆக முழுசா எடுப்பதே லாபம். ஐந்தொகை டாலி ஆகிவிட்டது.

பேனாவை எடுத்து, பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவிடம் கேட்டேன்: "கையெழுத்து எங்கே போடணும்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆபரேஷன் உங்களுக்கா சார்?"

* * *

நர்ஸம்மா கேட்டது கிண்டல் இல்லை, சட்டம். டெல்லியில் ஒரு பெண்ணை மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ல் தீர்ப்பு வந்தது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதபோது, சுயநினைவும் வயதும் உள்ள பெண்ணுக்குப் பதிலாக அம்மா ஒப்புதல் கொடுத்தது செல்லாது. சிகிச்சை என்ன, வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். பெற்ற தாய்க்கே அந்தக் கதி என்றால், தெருவாசியான பி.காமுக்கு ஏது பாத்தியதை?

நர்ஸம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நாங்கள் நாலு பேரும் நின்றோம். ஒரு பழைய கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் இரண்டு பெண் உருவம் வரைந்தார். ஓவியம் என்று சொன்னால் ஓவியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் புரிந்தது. ஒன்றில் மார்பு இல்லை, நீளத் தழும்பு. இன்னொன்றில் மார்பு உண்டு, சின்னத் தழும்பு, பக்கத்தில் ஒரு சூரியன்.

"இது என்னா சூரியன்?"

"ரேடியேஷன். ஜனங்க கரண்டு வைக்கிறதுன்னு சொல்வாங்க."

அக்கா பதறிவிட்டார். "கரண்டுக்குப் பயந்துதாம்மா நான் கரிப் பெட்டியில தேய்க்கிறேன்!"

கரண்டு இல்லை, ஷாக் அடிக்காது, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுத்திருந்தால் போதும், சில நிமிஷ வேலை, தோல் கொஞ்சம் கறுக்கும், களைப்பாக இருக்கும், இதனால் தலைமுடி கொட்டாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் அக்கா கேட்ட கேள்விதான் நாலு ஆம்பிளைக்கும் தோன்றாதது.

"எடுத்தாலும் எடுக்காட்டியும் உசிருக்கு எது கெட்டி?"

"உங்க கட்டி அளவுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உசிரா, மார்பா என்று தராசில் போட்டவர் அவர். தராசில் அப்படி எதுவும் இல்லவே இல்லை!

* * *

வீட்டுக்கு வந்து நானும் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் 1890-களில் மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுக்கும் ஆபரேஷனைப் பிரபலப்படுத்தினார். நிறைய வெட்டினால் நிறைய பிழைப்பார்கள் என்று நம்பிய காலம். எழுபது, எண்பது வருஷம் அதுதான் வேதவாக்கு. 1970-களில்கூட அங்கே பல பெண்கள், கட்டி கெட்டதா நல்லதா என்று தெரியாமலேயே மயக்க மருந்துக்குப் போனார்கள். மேஜையிலேயே பரிசோதனை, கெட்டதென்றால் அப்போதே ஆபரேஷன். கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகைக்காரிக்கு 1974-ல் கட்டி வந்தது. 'முதலில் பரிசோதனை, என்னிடம் சொல்லுங்கள், அப்புறம் ஆபரேஷன்' என்று அடம்பிடித்தார். அப்புறம் ஊருக்கெல்லாம் அதற்காகப் போராடினார்.

அதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்ற டாக்டர் 701 பெண்களை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார். ஒரு பிரிவுக்கு முழு ஆபரேஷன், இன்னொன்றுக்குப் பகுதி ஆபரேஷனும் ரேடியேஷனும். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இதே மாதிரி சோதனை நடத்தினார். இரண்டு பேருடைய இருபது வருஷக் கணக்கும் 2002-ல் வந்தது. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் கணக்குப் பிள்ளைக்குப் பொய் ஆகாது. மிலானில் பகுதி ஆபரேஷன் செய்துகொண்ட 352 பேரில் 30 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்ப வந்தது. முழுசா எடுத்த 349 பேரில் 8 பேருக்குத்தான் அதே பக்கத்தில் வந்தது. வந்தவர்களுக்கு மறுபடி சிகிச்சை. கட்டி பெரிதாக இருந்தாலோ, ஒரே மார்பில் பல இடத்தில் இருந்தாலோ பகுதி ஆபரேஷன் சரிப்படாமல் போகலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் சரிப்படும் என்று அவர் சொன்ன பிறகு, எது என்பதை அந்த அம்மாள்தான் சொல்ல வேண்டும்.

நர்ஸம்மா வரைந்த மாதிரி படத்தாளை அமெரிக்காவில் அச்சடித்தே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். நாலு புற்றுநோய் மையங்களில் நடந்தது, முடிவு 2021-ல் வெளியானது. அந்தத் தாளை வைத்துப் பேசினால் பெண்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்தது. அதிலும் படிப்பும் பணமும் குறைந்த பெண்களுக்குப் படம் போட்ட தாள் ரொம்ப உதவியது. 'ஏழைக்குச் சொன்னால் என்ன புரியும்?' என்கிறவர்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

* * *

இவ்வளவும் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வார்டில், பக்கத்துப் படுக்கையில் இருந்த செய்யாறு பக்கத்து அம்மாளிடம் போய், "முழுசா எடுக்கவே எடுக்காதீங்க" என்று பிரசாரம் செய்தேன். புதிதாக டயட் ஆரம்பித்தவன் ஊரெல்லாம் சோற்றைத் திட்டுவானே, அந்த மாதிரி.

"எனக்கு நாலு ஆடு இருக்கு சாமி. ஊர்ல பாத்துக்க ஆளு இல்ல. மூணு வாரம் இந்தப் பட்டணத்துல யாரு வீட்ல கிடப்பேன்? ஒரே தடவையில எடுத்துட்டா எனக்கு நிம்மதி" என்றார் அந்த அம்மாள். சில பேருக்கு முழுசா எடுத்த பிறகும் ரிப்போர்ட்டைப் பார்த்து ரேடியேஷன் வைக்க வேண்டி வரலாம் என்று நர்ஸம்மா அவரிடமும் சொல்லியிருந்தார். "வந்தா பாத்துக்கலாம்." தெரிந்தே எடுத்த முடிவு. அதைக் கலைக்க நான் யார்? நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் வார்டை விட்டே வெளியே வந்துவிட்டேன்.

நம்ம அக்கா இரண்டு நாள் அவகாசம் கேட்டார். முதல் கவலை கை. "பெட்டி தூக்க முடியுமா?" அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கை வீங்கலாம். எந்த ஆபரேஷன் ஆனாலும் அந்தப் பேச்சு உண்டு. பயிற்சி செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தூக்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு வேறு மருந்து வேண்டுமா என்பதும் கட்டியைச் சோதித்த பிறகுதான் தெரியும், அதுவும் இரண்டு வழிக்கும் பொது.

மூன்றாம் நாள் அக்கா சொன்னார்: "எனக்கு மார்பு வேணும். அம்பது வயசானா உடம்பு வேற ஆளுதா ஆயிடுமா? ஆபரேஷன் புண்ணு ஆறறதுக்குள்ள ஆடி வந்துடும். ஆடியில கல்யாணம் இல்ல, பட்டுப் புடவை தேய்க்க வராது. அந்த மூணு வாரத்த ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடறேன்."

நான் போட்ட ஐந்தொகையில் ஆடி மாசம் என்ற கலமே இல்லை. கூலி நஷ்டம் என்று எழுதினேனே தவிர, எந்த மாசத்துக் கூலி என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆளை டிபன் டப்பாவுக்குக் காவல் வைத்திருந்தோம்.

"சரி, இப்ப நான் சொன்னதை வீட்டுல உங்க மருமகளுக்கு எப்படிச் சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றார் நர்ஸம்மா. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் நாம் எல்லோருமே தலையாட்டுவோம். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். அக்கா முழுசாகச் சொன்னார். ஓர் இடத்தில் தடுமாறினார். நர்ஸம்மா மறுபடி வரைந்தார். அப்புறம்தான் படிவம் வந்தது. அக்கா கைநாட்டு வைக்கவில்லை. எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வாலிப நண்பர்களே, வீட்டில் படித்தவன் என்ற பாவத்துக்காக உங்களையும் ஒரு நாள் துணைக்குக் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கோ, அத்தைக்கோ, வேலை செய்யும் அம்மாளுக்கோ. போங்கள். ஆனால் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள். வேறு வழி இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் நல்லது கெட்டது என்ன, எனக்கு எது எவ்வளவு நடக்க வாய்ப்பு என்ற மூன்று கேள்வியை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பதிலை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டொரு நாள் யோசிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு மேல் உங்கள் வேலை, டிபன் டப்பாவுக்குக் காவல்.

போன வாரம் அக்கா வண்டியில் என் சட்டை இருந்தது. ஆடி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. செக்கப்புக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். பெட்டி இப்போது கொஞ்சம் சின்னது.

"தம்பி, முதுகுல நூல் விட்டிருக்கு. அப்படியே தேய்க்கட்டுமா, தைச்சுட்டுத் தேய்க்கட்டுமா?"

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்க்கா."

அக்கா பெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சட்டை உங்களுதுதானே?"