கைக்குழந்தையோடு பூம்பாறை

“எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு மலைக்குப் போகலாமா? மாமியார் கூடாது என்கிறார், இவர் போகலாம் என்கிறார், நான் நடுவில் நிற்கிறேன்” என்று ஒரு இளம் தாய் கேட்டு எழுதியிருக்கிறார். போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம்! என் பெரிய பெண்ணையும், இதே எட்டு மாத வயதில் இருந்த பேரனையும் கூட்டிக்கொண்டு பூம்பாறை போய் வந்ததையே பதிலாக எழுதிவிடுகிறேன்.

பூம்பாறை கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் பாதையில் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற சின்ன ஊர். கொடைக்கானலில் ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் பார்க்கக் கூட்டத்தில் இடிபடுவதற்குக் கைக்குழந்தை என்ன பாவம் செய்தது? இங்கே அந்த அமளி குறைவு. ஊருக்கு முன்னாலேயே ரோட்டோரம் வண்டியை நிறுத்திக் கீழே பாருங்கள். நடுவில் கூட்டமாக வீடுகள், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்கள். பூண்டு, காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் என்று ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பச்சை. கொலுப்படி மாதிரி இருக்கிறது என்றாள் என் பெண். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பூம்பாறை ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலே. உயரத்தால் வரும் மூச்சுத் தொல்லை, தலைவலி எல்லாம் பெரும்பாலும் எட்டாயிரம் அடிக்கு மேலே போனால்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இருதயக் கோளாறு அல்லது நுரையீரல் கோளாறு உள்ள குழந்தை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். மலை ஏறி இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிடும். நடுநடுவே வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இறங்கும்போதுதான் இது அதிகம் வேண்டியிருக்கும்.

ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பார்கள். பெயர் வந்த கதை நம்மைப் போன்றவர்களுக்கென்றே சொன்னது போல இருக்கும். அருணகிரிநாதர் இங்கே இரவு படுத்திருந்தபோது ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து அவர் பக்கத்தில் இருந்துகொள்ள, ‘தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள்’ என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாளாம். பாருங்களேன், ராட்சசிக்குக்கூட அந்த இரக்கம்!

கோயிலை விட்டு வந்தால் தெருவெல்லாம் பூண்டு வாசனை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும். காரமும் மணமும் தூக்கல். கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு அடியில் புகை போட்டு வைப்பதால் மாதக்கணக்கில் கெடாது. திண்ணையில் பூண்டு சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு பாட்டி என் பெண்ணைக் கூப்பிட்டு, “ஏம்மா, தாய்ப்பால்தானே குடுக்குற? நாலு பல்லு நெய்யில வதக்கித் தின்னு” என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். காலையிலிருந்து குனிந்து வேலை செய்த முதுகு, ஆனாலும் அந்த மனசு! சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் பால் ஊறுவதற்குப் பூண்டைவிடப் பெரிய மருந்து, குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதுதான்.

இனி, நான் ‘வேண்டாம்’ சொன்ன இரண்டு இடங்கள்.

முதலாவது தேன். மலையில் தேன் விற்காத கடை ஏது? ரோட்டோரக் கடைக்காரர் ஒருவர் ஆசையாக விரலில் தொட்டுக்கொண்டு, “மலைத்தேன்மா, பிள்ளை நாக்குல வைங்க, நல்லாப் பேசும்” என்று நீட்டினார். “ஒரு வயசு முடியட்டும்ப்பா” என்று பேரனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று. என்ன செய்வது? எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடல் அதைச் சமாளித்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அது வளர்ந்து விஷத்தைக் கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலியும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது, தலை துவண்டு போகும், மூச்சுவிடும் தசையே தளர்ந்துவிடும். வீட்டில் காய்ச்சுவதால் அந்த வித்து சாகாது. ‘நாமெல்லாம் சேனை வைத்து வளரவில்லையா?’ என்று கேட்பீர்கள். வளர்ந்தோம். அபூர்வமாக வருகிற நோய்தான். வந்தால் ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடக்க வேண்டும். ஒரு சொட்டு இனிப்புக்கு அந்த விலையா?

இரண்டாவது கணப்புச் சட்டி. நாங்கள் தங்கிய வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கே பற்கள் கிடுகிடுத்தன. வேலைக்காரப் பையன் கனன்ற கரியைச் சட்டியில் கொண்டுவந்து வைத்து, “கதவைச் சாத்திக்கங்கம்மா, சூடு வெளிய போகாது” என்றான். உடனே எடுத்துப் போகச் சொன்னேன். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு நிறையும். நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். என் பெண்கூட, “அம்மா, குழந்தைக்குக் குளிருமே” என்றாள். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. நாம் போட்டுக்கொள்வதைவிடக் குழந்தைக்கு ஒரு அடுக்கு கூட, பருத்தி உள்ளேயும் கம்பளி வெளியேயுமாக. பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். குளிப்பாட்டுவதை ஒரு நாள் விட்டு, வெந்நீரில் துடைத்தால் குடி முழுகிவிடாது.

மறுநாள் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து கணக்குப் பார்த்தால் 35 கிலோமீட்டர் வரும். புல்வெளி, ஏரி, பரிசல். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இங்கே 1965 முதல் இருக்கிறது. கொழுகொழுவென்று கம்பளி போர்த்தியது போன்ற ஆடுகளைப் பார்த்துப் பேரன் முதல் தடவையாகக் கை தட்டினான்! காற்று பலமாக அடித்ததால் பரிசலில் நாங்கள் ஏறவில்லை.

கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை சில. கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. ஒரு கூஜாவில் தண்ணீர், ஒரு ப்ளாஸ்கில் வெந்நீர் போதும். பூம்பாறைப் பக்கம் பஸ் குறைவு, கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியானாலும் மதியம் மூன்று மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் வருகிற லாரிகூடக் கண்ணுக்குத் தெரியாது.