பல் வலிக்கும் முன்பே படிக்க வேண்டிய புத்தகங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவின் சுவரில் ஒரு வண்ணப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கடைவாய்ப்பல் ஒன்று. அதன் நடுவே கருங்குழி. குழிக்குள்ளிருந்து பச்சைப் புழுவொன்று எட்டிப் பார்த்துப் பல்லிளிக்கும். இனிப்புத் தின்னும் குழந்தைகளுக்கு அது நல்ல எச்சரிக்கை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு நாள் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவே மறுத்துவிட்டாள். தாயார் கெஞ்சினார், தந்தையார் அதட்டினார், பயனில்லை. நெடுநேரம் கழித்துத் தாயின் காதில் அவள் சொன்னாளாம்: "வாயைத் திறந்தா அது வெளிய வந்துரும்மா." மறுநாளே படத்தைக் கழற்றிவிட்டோம்.

குறை அந்தப் படத்தில் மட்டும் இல்லை. 'பூச்சிப்பல்', 'பல்லைப் பூச்சி அரித்துவிட்டது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நமக்கு அது வழக்குச் சொல். குழந்தைக்கோ அது ஊர்ந்து வரும் உயிர். உண்மையில் பல்லுக்குள் பூச்சி ஏதும் இல்லை. வாயில் இயல்பாக வாழும் நுண்ணுயிரிகள் உணவிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன; அந்த அமிலம் பல்லின் கடினமான மேற்பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது; அதுவே நாளடைவில் குழியாகிறது. இதனைக் குழந்தைக்குச் சொல்லவும் எளிய வழி உண்டு: இனிப்பு பல்லில் ஒட்டிக்கொண்டே இருந்தால் பல் கரையும், துலக்கினால் ஒட்டியது போய்விடும்.

பற்களைப் பற்றிய படப்புத்தகங்களைச் சிறு குழந்தைகளோடு சேர்ந்து படியுங்கள் என்று நாங்கள் பெற்றோரிடம் வலியுறுத்தி வருகிறோம். ஆனால் எந்தப் புத்தகமானாலும் போதும் என்பது எங்கள் கருத்தன்று. அது வலி வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்; அதில் இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

முதலில் காலத்தைப் பற்றி. நாளைக் காலை பல் எடுக்க வேண்டும் என்னும் நிலையில், முந்தைய இரவு புத்தகத்தைத் தேடும் பெற்றோர் பலர். அன்றுவரை பல்லைப் பற்றிப் பேசாத வீட்டில் திடீரென்று அப்படியொரு புத்தகம் வந்தால், ஏதோ நடக்கப்போகிறது என்பதைக் குழந்தை உடனே உணர்ந்துகொள்ளும். முதல் பால்பல் ஏறக்குறைய 6 மாதத்தில் முளைக்கிறது. இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடுகின்றன. புத்தகத்துக்கு உரிய காலம் அதுவே. குழந்தையை மடியில் அமர்த்தி, படத்திலுள்ள பல்லைத் தொட்டுக் காட்டி, பிறகு கைக்கண்ணாடியில் அதன் பல்லைக் காட்டினால் போதும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்து வருவதும் நல்லது. வலியில்லாத நாளில் எங்களைப் பார்த்த குழந்தை, வலிக்கும் நாளில் எங்களைக் கண்டு அவ்வளவு மிரள்வதில்லை.

அடுத்தது உண்மை. ஜப்பானிய ஓவியர் டாரோ கோமியின் படப்புத்தகம் ஒன்றில் முதலை ஒன்று பல் மருத்துவரிடம் வருகிறது. முதலைக்கும் அச்சம், மருத்துவருக்கும் அச்சம். இருவரும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொற்களையே சொல்கிறார்கள். பயப்படாதே என்று அதட்டாமல், பயம் எல்லோருக்கும் உண்டு என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் அது விளங்கும். அமெரிக்கரான வில்லியம் ஸ்டைக் 1982-இல் வெளியிட்ட 'டாக்டர் டி சோட்டோ' வேறு வகை. எலியொருவர் பல் மருத்துவர். வலியால் துடித்து வரும் நரியோ, குணமானதும் அவரைத் தின்ன நினைக்கிறது. மருத்துவரும் அவர் மனைவியும் நரியின் தாடையையே ஒட்டவைத்துத் தப்புகிறார்கள். சிரித்து மகிழ அருமையான கதை. ஆயினும் சிகிச்சைக்கு முந்தைய இரவில் அதனைப் படிக்க வேண்டாம் என்போம். வாய் ஒட்டிக்கொள்ளும் என்பது மட்டும் குழந்தையின் மனத்தில் தங்கிவிடக்கூடும். நார்வே நாட்டுத் தோர்பியோர்ன் எக்னர் 1949-இல் எழுதிய கதையில் ஒரு சிறுவனின் பற்களைக் குடைந்து இரு குட்டி உருவங்கள் வாழ்கின்றன. புகழ்பெற்ற கதைதான். எனினும் கற்பனை வேறு, உண்மை வேறு என்று பிரித்தறியும் ஐந்தாறு வயதுக்குப் பிறகே அது பொருந்தும். எங்கள் சுவரில் தொங்கிய புழு கற்றுக்கொடுத்த பாடம் அது.

'கொஞ்சமும் வலிக்காது' என்று உறுதி கூறும் புத்தகங்களையும் தவிர்க்கலாம். ஊசி ஒரு நொடி சுருக்கென்று குத்தும். பிறகு உதடு மரத்துப்போகும். அப்படியே சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்த குழந்தை, அடுத்த முறை நாம் உண்மையைச் சொன்னாலும் நம்புவதில்லை.

துலக்காத பிள்ளைக்குத் தண்டனையாகப் பல் போவதுபோல் காட்டும் கதைகள் இன்னும் கெடுதலானவை. எங்களிடம் வரும் மூன்று வயதுக் குழந்தைகள் பலருக்குச் சொத்தை தொடங்கியது, துலக்கியைத் தாமே பிடிக்கத் தெரியாத பருவத்தில். உறங்கும்போது வாயிலேயே இருந்த பால்புட்டியும், அழுகையை நிறுத்தக் கொடுத்த இனிப்புமே பெரும்பாலும் காரணம். அந்தக் குழந்தையிடம் 'கெட்ட பிள்ளைக்குத்தான் கெட்ட பல்' என்று ஒரு புத்தகம் சொன்னால், அது தன் வாயை மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். தாய்மாரைக் குற்றம் சொல்வதற்காகவும் இதனை எழுதவில்லை. பால்பல் தானே, விழுந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. மென்று உண்ணவும், அடியில் வளரும் பல்லுக்கு இடம் காக்கவும் அவை தேவை.

விலை கொடுத்து வாங்கினால்தான் புத்தகம் என்பதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அதைவிட எளியது, கோடிடாத நோட்டு ஒன்றில் நீங்களே எழுதும் புத்தகம். பல்லே இல்லாத வாயில் தொடங்குங்கள். முதற்பல் முளைத்த நாள், பாட்டியின் பல்செட்டு, தாத்தாவின் வேப்பங்குச்சி, விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்த நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஆறாம் வயதுக்கும் ஒரு பக்கம் விட்டுவையுங்கள். அப்போது எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைத்த கடைவாய்ப்பல் முளைக்கும். அதனையும் பால்பல் என்று கருதிப் பலர் கவனியாது விடுகின்றனர்; அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல்.

இரவில் கதை முடிந்ததும் துலக்குங்கள். பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஃப்ளூரைடு கலந்த பற்பசை, மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு போதும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கையாலேயே துலக்கிவிட வேண்டும்.

ஆனால் புத்தகம் சொத்தையைக் குணப்படுத்தாது. ஈறோரத்தில் சுண்ணாம்புபோல் வெண்திட்டோ கறுப்புப் புள்ளியோ தென்பட்டால் குழந்தையை அழைத்து வாருங்கள். முகவீக்கமும் காய்ச்சலும் இருந்தால் அன்றே வாருங்கள்.

அந்தச் சிறுமி மூன்றாம் முறை வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். அவளும் அவள் தாயும் சேர்ந்து வரைந்த நோட்டு மடியில் இருந்தது. அவள் விரல்விட்டு எண்ண, நாங்களும் கூடவே எண்ணினோம். 20 பற்களும் இருந்தன. சொத்தையான இரண்டை அடைத்து அனுப்பினோம்.

புழுப்படம் தொங்கிய இடத்தில் இப்போது குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. உங்கள் பிள்ளை படித்து முடித்த படப்புத்தகம் ஏதேனும் வீட்டில் இருந்தால், அடுத்த முறை வரும்போது அதில் வைத்துச் செல்லுங்கள்.