சர்வர் லேட்டு அவங்களுது... அபராதம் மட்டும் நம்மளுதா? காரைக்கால் வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி மென்பொருள் ஏன் இரட்டை தலைவலி?

மாதம் 20-ஆம் தேதி நெருங்கினாலே வியாபாரிகளுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் டென்ஷன்தான். ஜி.எஸ்.டி.ஆர் 3பி ரிட்டர்ன் போட அன்றுதான் கடைசி நாள். போர்ட்டல் சுத்திக்கொண்டே இருக்கும், ஓ.டி.பி வராது. ஆனால் தேதி தாண்டினால் லேட் ஃபீ மட்டும் தானாக ஏறிவிடும்.

இது நாடு முழுக்க இருக்கும் பிரச்னைதான். ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்று இருக்கும் காரைக்காலில் இதன் வலி கொஞ்சம் அதிகம். ஏன்?

காரைக்காலுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். மக்களைப் பொறுத்தவரை பக்கத்து ஊர். ஜி.எஸ்.டி மென்பொருளைப் பொறுத்தவரை வேறு மாநிலம்!

காரைக்காலில் ஒரு பெயின்ட் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாகூரில் உள்ள கடைக்கு 60,000 ரூபாய் சரக்கு அனுப்ப வேண்டும். இது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதனால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி போட வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுவதால் இ-வே பில்லும் கட்டாயம்.

அதே 60,000 ரூபாய் சரக்கு சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போனால்? சுமார் 700 கி.மீ தூரம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை இ-வே பில் தேவையில்லை. 

அதாவது, இ-வே பில் தளம் அரை நாள் படுத்துவிட்டால் சென்னை வியாபாரியின் சின்ன லோடு கிளம்பிவிடும். காரைக்கால் வியாபாரியின் லோடு கடை வாசலிலேயே நிற்கும். பில் இல்லாமல் எடுத்துப்போய் மாட்டினால் சரக்கையும் வண்டியையும் பிடித்து வைக்கலாம். வரியைப் போல இரு மடங்கு வரை அபராதம் வரும்.

இ-வே பில் தொடங்கிய கதையே இப்படித்தான். 2018 பிப்ரவரி 1-ல் கட்டாயம் என்று அறிவித்தார்கள். முதல் நாளிலேயே தளம் திணறியது. உடனே தள்ளிவைத்தார்கள். பிறகு ஏப்ரல் 1-ல் தான் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு நடைமுறைக்கு வந்தது.

'புது வெர்ஷன் வருது' என்றார்களே, வந்ததா?

வரவில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி தொடங்கியபோது மூன்று ரிட்டர்ன்கள் திட்டமிடப்பட்டன: ஜி.எஸ்.டி.ஆர் 1, 2, 3. இதில் 2-ம் 3-ம் அதே ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிக ஏற்பாடாக வந்ததுதான் 3பி.

அடுத்து, 2018 ஜூலையில் எளிமையான புதிய ரிட்டர்ன் முறைக்கு ஜி.எஸ்.டி கவுன்சில் ஒப்புதல் தந்தது. அதன் பிறகு நடந்தது இதுதான்:

• முதலில் சொன்ன தேதி: 2019 ஏப்ரலில் சோதனை, ஜூலையில் கட்டாயம்
• பிறகு: 2019 அக்டோபர் முதல் படிப்படியாக
• பிறகு: 2020 ஏப்ரல்
• பிறகு: 2020 அக்டோபர்
• கடைசியில்: 2020 அக்டோபர் 5-ல் கூடிய கவுன்சில், ஜி.எஸ்.டி.ஆர் 1-ம் 3பி-யும் அப்படியே தொடரட்டும் என்று முடிவு செய்தது

ஒவ்வொரு தேதியையும் நம்பி பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றத் தயாரானவர்களும், ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்பியவர்களும் செலவழித்த நேரமும் பணமும் யார் கணக்கிலும் வரவில்லை.

யாரிடம் போய் கேட்பது?

சிக்கலே இங்கேதான். போர்ட்டலை நடத்துவது ஜி.எஸ்.டி.என். இது மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமான நிறுவனம். மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்க 2015-ல் சுமார் 1,380 கோடி ரூபாய் ஒப்பந்தம் பெற்றது இன்ஃபோசிஸ். இ-வே பில் தளத்தை உருவாக்கியது தேசிய தகவலியல் மையம். கடைசி தேதியை நீட்டிக்கும் அதிகாரம் அரசிடம்.

வியாபாரிக்கு இவர்களில் யாருடனும் ஒப்பந்தம் கிடையாது. கடையில் வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேர் சரியில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம். ஜி.எஸ்.டி போர்ட்டலை விட்டு எங்கே போவது?

2020 மார்ச் 14-ல் கூடிய ஜி.எஸ்.டி கவுன்சில், இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனியை அழைத்து விளக்கம் கேட்டது. ஒரே நேரத்தில் 1.5 லட்சம் பேரைத் தாங்கிய அமைப்பை 3 லட்சமாக உயர்த்துவது என்றும் முடிவானது. கவுன்சிலுக்கு மேசை போட்டு பதில் கிடைத்தது. சாதாரண வியாபாரிக்குக் கிடைப்பது ஹெல்ப்டெஸ்க்கின் டிக்கெட் நம்பர்!

தகவல் சொல்வதிலும் இதே கதைதான். 2025 ஜனவரி 10-ல், ஜி.எஸ்.டி.ஆர் 1 கடைசி நாளுக்கு முந்தைய நாள், போர்ட்டல் முடங்கியது. தேதி நீட்டிக்கப்படுமா என்பதே தெரியாமல் பலர் காத்திருந்தார்கள். பிறகுதான் கடைசி தேதி ஜனவரி 13 ஆக மாற்றப்பட்டது.

தாமதத்துக்கு விலை கொடுத்தது யார்?

பெரிய உதாரணம் 'டிரான்-1' படிவம். பழைய வரி முறையில் கட்டிய வரிக்கான கிரெடிட்டை ஜி.எஸ்.டி-க்கு மாற்ற இந்தப் படிவம் தேவை. 2017 டிசம்பர் 27 கடைசி நாள். தளக் கோளாறால் பலரால் பதிவேற்ற முடியவில்லை.

'முயற்சி செய்தோம், முடியவில்லை' என்று சொன்னால் போதாது. ஆதாரம் கேட்டார்கள். கோளாறு போர்ட்டலில், நிரூபிக்க வேண்டியது வியாபாரி! வழக்குகள் உயர் நீதிமன்றங்களில் குவிந்தன. 2022 ஜூலை 22-ல் உச்ச நீதிமன்றம் தளத்தை மீண்டும் திறக்க உத்தரவிட்டது. அதன்படி 2022 அக்டோபர், நவம்பரில் வாய்ப்பு கிடைத்தது. கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் பணம் முடங்கிக் கிடந்தது.

2025 மார்ச்சில் அபர்டேர் டெக்னாலஜிஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முக்கியமான கருத்தைச் சொன்னது. மென்பொருளின் குறைபாட்டைக் காரணம் காட்டி, தவறைத் திருத்தும் உரிமையை மறுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

வியாபாரிகள் என்ன செய்யலாம்?

• எரர் வந்தால் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்
• அன்றைக்கே புகார் பதிவு செய்து டிக்கெட் நம்பரை வாங்கி வையுங்கள். 'டிரான்-1' வழக்குகள் தரும் பாடம் இதுதான்
• 20-ஆம் தேதி வரை காத்திருக்காதீர்கள். வரி பாக்கி இருந்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரி இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய் லேட் ஃபீ. பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டி தனி
• காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் காரைக்கால் கடைகள் கவனிக்கவும்: நாகூர் கடைக்கு சரக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. அந்தத் திட்டத்தில் அதற்கு அனுமதி இல்லை
• தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் பதிவு செய்ய வேண்டிய வரம்பு 40 லட்சம் ரூபாய். புதுச்சேரியில் 20 லட்சம் மட்டுமே. நாகப்பட்டினம் நண்பரின் கணக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

தீர்வு என்ன?

மென்பொருள் என்றால் கோளாறு வரத்தான் செய்யும். போர்ட்டல் எத்தனை மணி நேரம் முடங்கியதோ, அதற்கு ஏற்ப கடைசி தேதியும் தானாகத் தள்ளிப்போனால் பாதி பிரச்னை தீரும். லேட் ஃபீயை தானாகக் கணக்குப் போடத் தெரிந்த மென்பொருளுக்கு, தன் சொந்த தாமதத்தைக் கணக்குப் போடுவது பெரிய வேலை இல்லை.