கொடி நாள்: தருமமல்ல, பாக்கி!

டிசம்பர் 7 கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று வர்ணத்தில் ஒரு சின்னக் காகிதக் கொடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டப்பாவுடன் வருவார்கள். நாமும் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, கையில் இருப்பதைப் போடுவோம். 1949 ஆகஸ்டில் கூடிய கமிட்டி நிச்சயித்த நாள் இது. போரில் மாண்டவனின் குடும்பத்துக்கும், கைகால் இழந்தவனுக்கும், சேவை முடித்து வந்தவனுக்கும் போகிற பணம். ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இதில் பின்வாங்கியதில்லை. பின்வாங்கவும் வேண்டாம்.

ஏனென்றால் அந்த டப்பா நீள்வது நம் பிள்ளைக்காகத்தான். பட்டாளத்துக்குப் போகிறவன் யார்? மில் முதலாளியின் மகனா? பெரிய பண்ணைக்காரரின் பேரனா? வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு வீடு சிப்பாய் என்று பெயர் வாங்கிய ஊர்கள் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில், கூலி கிடைக்காத வருஷத்தில், உயரமும் மார்பளவும் தேறிய வாலிபன் ஆளெடுக்கும் வரிசையில் போய் நின்றான். அவனுக்குத் தேசபக்தி இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறது, வயிறும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

மாண்டவனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. மாடு பிடிக்கும் சண்டையில் விழுந்தவனுக்கு நட்ட ஒரு கல்லில் அவன் பெயர் வெட்டியிருக்கிறது. எழுத்தறிந்தவர் அன்று எத்தனை பேரோ! ஆனாலும் பெயரை விடவில்லை.

வெள்ளை ஏகாதிபத்தியம் என்ன செய்தது? 1914-18 யுத்தத்துக்கு ஒன்றுபட்ட இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. நம் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் அந்தக் கல்லைக் காணலாம்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று வெறும் எண்ணிக்கை. மதராஸ் சாப்பர்கள் ரத்தம் சிந்திய மெசபடோமியாவிலும் இதே கதைதான். பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, ‘மேலும் இத்தனை பேர்’ என்று ஓர் எண். படையோடு சுமை தூக்கியும் கழுதை ஓட்டியும் மாண்ட கூலிகளில் எத்தனையோ பேருக்கு அதுகூட இல்லை. இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பிரிட்டிஷ் கமிஷனே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேருக்குச் சமமான மரியாதை தரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கவில்லை. நூறு வருஷம் கழித்து மன்னிப்பு! செத்தவனிடத்திலும் கங்காணி, கூலி பேதம் பார்த்தவர்கள்.

சுதந்திர இந்தியா பெயரை வெட்டத்தான் செய்தது. 2019 பிப்ரவரி 25இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் உயிரோடு திரும்பியவனின் கதி?

2015 ஜூனில் முன்னாள் வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஒரே பதவி, ஒரே சேவைக்காலம் என்றால் ஒரே பென்ஷன் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆகஸ்ட் 14ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், மார்பில் மெடல் தொங்க நின்ற கிழவர்களைப் போலீஸ் பிடித்து இழுத்தது. மறுநாள் காலை செங்கோட்டையில் வீர வணக்கம்!

பிறகு 2022 ஜூனில் வந்தது அக்னிபத் திட்டம். நாலு வருஷ வேலை. நூற்றில் 25 பேர் வரைதான் நிலைப்பார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. போகும்போது கையில் சுமார் 11.71 லட்சம் என்று தம்பட்டம் அடித்தார்கள். நம் பி.எப். கணக்குத் தெரிந்த தொழிலாளிக்கு இது உடனே புரியும். அதில் பாதி, மாதாமாதம் அவன் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பது வீதம் பிடித்த சொந்தப் பணமும் அதன் வட்டியும்தான்! களத்தில் மாண்டால் இன்ஷூரன்ஸ் தொகை உண்டு. தாய்க்கும் மனைவிக்கும் மாதாமாதம் வரும் குடும்பப் பென்ஷன் இல்லை. ஆலையில் பதிலி, காண்டிராக்ட் என்று நம்மை அலைக்கழித்த அதே புத்தி, துப்பாக்கி ஏந்துகிறவனிடமும் போய்விட்டது.

பழைய ஜவானின் பாடும் சுகமல்ல. நாற்பது வயதுக்குள்ளேயே பலர் வெளியே வந்துவிடுகிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். மில் கேட்டில் காக்கி உடுப்பில் நிற்கிற வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்கள். பலர் எல்லையில் பனியில் நின்றவர்கள். வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகம் அவரை நமக்கு எதிரே நிறுத்துகிறது. நாமும் சில சமயம் கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுகிறோம்; அது தவறு. அவர் சங்கத்தில் இல்லாத நம் ஆள்.

அக்னிபத்தைக் கைவிட்டு, சேர்ந்தவர்கள் அனைவருக்கும் முழுச் சேவையும் பென்ஷனும் தரவேண்டும். மாண்டவனின் குடும்பத்துக்கு, அவன் எந்தத் திட்டத்தில் சேர்ந்தவனாயினும், ஒரே குடும்பப் பென்ஷன் வேண்டும். இது சர்க்கார் தீர்க்கவேண்டிய பாக்கி. பள்ளிப் பிள்ளையின் டப்பா அதற்கு ஈடாகாது.

தோழர்கள் கொடி நாளுக்கு முன்பே வேலையைத் தொடங்கலாம். அவரவர் கிராமத்தில் அந்தப் பழைய கல் இருந்தால் போய்ப் பாருங்கள். பெரியவர்களைக் கேட்டு, போனவர்களின் பெயர்களை எழுதுங்கள். பென்ஷன் தடைப்பட்டுக் கிடக்கும் விதவைகள், மனு கொடுத்து அலைகிற முன்னாள் வீரர்கள் யார் யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 7 அன்று டப்பாவில் காசைப் போட்டுவிட்டு, அந்த ஜாபிதாவோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சங்கக் கொடியுடன் போவோம்.